இடது ஸ்பீக்கர்

8.6.03, ஞாயிறு

காற்று. விடிந்ததிலிருந்து மாடித் தகரம் தடதட. லீவு நாள், ஆம்ப்ளிஃபையரை மேஜைக்கு ஏற்றியாயிற்று. முதலாளி வீட்டில் வெள்ளையடிக்கும்போது வேண்டாமென்று ஒதுக்கிய ஜப்பான் சாமான். முப்பது வயது இருக்கும். வெள்ளி முகம், பக்கத்துக்கொன்றாக இரண்டு முள் மீட்டர். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். மனசு மாறுவதற்குள் மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு. இந்த ஊரில் எதைத் திறந்தாலும் பஞ்சுதான். பிரஷ் போட்டு எடுத்தேன். வால்யூமைத் திருப்பினால் கரகர. பனியன் கம்பெனிப் பழக்கம், கை தானாக மெஷின் ஆயிலுக்குப் போனது. நான்கு சொட்டு. கரகர நின்றது. பாட்டும் நின்றது.

செய்ய வேண்டியது:
ரேடியோ கடை.
ஃபேன் கண்டென்சர்.
சரோவின் அக்காவுக்குப் போன். (மூன்று தடவை சொன்னேன் என்கிறாள் என் வீட்டுக்காரி. என் காதில் விழுந்தது ஒரு தடவை.)

10.6, செவ்வாய்

வீரபாண்டியில் ஜெயசீலனின் ரேடியோ கடை. சாத்தான்குளத்துக்காரர், பன்னிரண்டு வருஷப் பழக்கம். மூடியைத் திறந்ததும் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"திருப்பூர்க்காரங்க சாமி வெளக்குக்கும் மெஷின் ஆயில்தான் ஊத்துவிய போல, அண்ணாச்சி."

எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து உள்ளே பசையாகிவிட்டதாம். வால்யூமைக் கழற்றிக் கழுவ வேண்டும். பெரிய கண்டென்சர் இரண்டும் உப்பியிருக்கிறது, மாற்ற வேண்டும். சனிக்கிழமை வரச் சொன்னார்.

12.6, வியாழன்

எரிச்சல். பதினோரு மெஷின் ஓடுகிற நிட்டிங் ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு எதில் ஊசி போயிற்று என்று சொல்கிற ஆள் நான். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயர்தான் எனக்குச் சோறு. இன்று ஏழாம் மெஷினில் ஊசி உடைந்து, முக்கால் ரோல் கோடு விழுந்த பிறகு துணியைப் பார்த்துத்தான் தெரிந்தது. நூல் சரியில்லை என்று சத்தம் போட்டேன். நூல் நன்றாகத்தான் இருந்தது.

மதியம் தயிர் புளிப்பு.

14.6, சனி

ஆம்ப். வீட்டுக்கு வந்துவிட்டது. போட்டதும் கண் கலங்கியது. எழுதுவதற்கு வெட்கமில்லை, யார் படிக்கப்போகிறார்கள்.

ஆனால் இடது ஸ்பீக்கர் மந்தம். வலப்பக்கம் பாடகி எதிரில் நிற்கிறாள், இடப்பக்கம் பக்கத்து வீட்டில் பாடுகிறாள். சரோவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்க இருக்குது."

அவளுக்கு சீரியல் அவசரம்.

18.6, புதன்

ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஜெ. கடைக்கு மூன்றாம் முறை. திங்கட்கிழமையும் கழற்றிப் பார்த்தார், ஒன்றும் மாறவில்லை. முள் இரண்டும் சேர்ந்துதான் ஆடுகிறது என்று காட்டினார். முள் பொய் சொல்லும் என்றேன். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால், பழைய கண்டென்சரையே துடைத்து மாட்டிவிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மறுபடி எல்லா இடத்திலும் ஈயம் வைத்துத் தந்தார்.

வரும் வழியெல்லாம் நான் கேட்டது நியாயம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். நியாயமாக இருந்தால் எதற்கு அத்தனை தடவை சொல்ல வேண்டும்.

22.6, ஞாயிறு

இன்று கம்பெனி முறை. துணியில் கோடு விழுந்தால் அந்த ஊசியைப் பிடுங்கி சிலிண்டரில் பக்கத்துப் பள்ளத்தில் போடுவோம். கோடும் கூடவே நகர்ந்தால் ஊசி கோளாறு. அதே இடத்தில் நின்றால் சிலிண்டர் கோளாறு.

ஸ்பீக்கரை இடம் மாற்றினேன். இடப்பக்கம் மந்தம். பின்னால் ஒயர்களை மாற்றினேன். இடப்பக்கம். சிடி பிளேயர் ஒயரையும் மாற்றினேன். அப்போதும் இடப்பக்கம். எதை மாற்றினாலும் நகராத கோடு.

மாற்றாமல் மிச்சம் இருந்தது நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

வலது ஸ்பீக்கர் மந்தமாகிவிட்டது.

சிடி முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. போன் எப்போதும் வலது காதில்தான் வைக்கிறேன். ஹாலில் நான் நிற்கிற இடத்துக்கு ஏழாம் மெஷின் இடப்பக்கம். எத்தனை நாளாக இப்படி? பயமாக இருக்கிறது. சரோவிடம் சொல்லவில்லை.

25.6, புதன்

கோவை, காது டாக்டர். வீட்டில் மெஷினுக்கு ஊசி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். கண்ணாடி அறை, காதில் ஹெட்போன், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காது முடிந்து இடது. ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போய்விட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தால் டெஸ்ட் எடுக்கிற பெண் விடாமல் சத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டிலும் குறைவு, இடதில் அதிகம். காரணம் ஹால் சத்தம்தான். போனது வராது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். காதில் பஞ்சு வைத்தால் போதாதாம், அதற்கென்று தனி அடைப்பான் இருக்கிறதாம். பஞ்சுகூட வைத்ததில்லை நான். வைத்தால் மெஷின் பேசுவது கேட்காதே.

27.6, வெள்ளி

ஜெ. கடை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். கண்டென்சர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். காது விஷயத்தையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு நீங்க மந்தம்னு வந்த அன்னைக்கே தெரிஞ்சிட்டு அண்ணாச்சி. ஒங்க இடது பக்கம் நின்னு ரெண்டு மட்டம் கூப்பிட்டேன், நீங்க திரும்பல. மெஷினு பழுதுன்னா பட்டுனு சொல்லிரலாம். இத எப்படிச் சொல்ல?"

அதற்காகத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டியிருக்கிறார், நான் போட்ட பழியையும் வாங்கிக்கொண்டு. கோபம்கூட வந்தது, முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது, பேலன்ஸ் குமிழை இடப்பக்கம் திருப்பி வைத்தால் எனக்குச் சமமாகக் கேட்கும் என்றார்.

29.6, ஞாயிறு

காற்று குறைவு. ஆம்ப். பராமரிப்பு: மேலே துணி மூடக்கூடாது, சூடாகும். மாதம் ஒரு தடவை பிரஷ். ஸ்டெபிலைசர் இல்லாமல் போடக்கூடாது. எண்ணெய்ப் பக்கமே போகக்கூடாது.

ஹாலில் என்ன செய்வது என்று முடிவாகவில்லை. முதலாளியிடம் சொல்லத்தான் வேண்டும்.

சாயங்காலம் பாட்டுப் போட்டேன். குமிழை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, குரல் நகர்ந்து நகர்ந்து நேர் எதிரே வந்து நின்றது. இத்தனை நாளில் முதல் தடவை.

சரோ சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"மறுபடியும் கெட்டுப்போச்சுங்களா? ஒரு பக்கந்தானுங்க கேக்குது."

குமிழை நடுவில் வைத்தேன். இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தபடி வந்து என் இடப்பக்கம் உட்காரப் போனாள். இந்தப் பக்கம் வா என்றேன். ஏனுங்க என்றாள்.

சொன்னேன்.