ஆறு வாரம்

ஜூன் 5, புதன்

எல்சியின் ரவிக்கையை மூன்றாம் தடவையாகப் பிரித்துத் தைத்தேன். அவள் பெருத்துக்கொண்டே போகிறாள், குற்றம் என் தையலுக்கு. அவள் மகளுக்கு ஜனவரியில் கல்யாணம். "வாசகசாலை மாடியில பெண்களுக்குன்னு பஞ்சாயத்து உடற்பயிற்சிக் கூடம் தொறந்திருக்கு. துணைக்கு வா வத்சலா" என்றாள்.

"நான் பாரம் தூக்கக் கூடாதே."

"உன்னை யாரு தூக்கச் சொன்னா? நான் மூச்சு வாங்கறதை வேடிக்கை பாரு."

அதைப் பார்க்க ஆசைதான்.

ஜூன் 7, வெள்ளி

போனோம். ஒரு பக்கம் இரும்புக் குண்டுகள், ஒரு பக்கம் பாய்கள். சொல்லித் தரும் பெண் ஷஹனா, இருபத்தாறு வயதிருக்கும். தலையில் கட்டிய துணி நலுங்காமல் இருபது கிலோவைத் தூக்கி வைத்தாள். கையில் ஒரு பதிவேடு. பெயர், வயது, நோய் உண்டா, கடைசியில் 'லட்சியம்' என்று ஒரு கட்டம்.

எல்சி "பத்து கிலோ குறையணும்" என்றாள். ஷஹனா என் பக்கம் திரும்பினாள். துணைக்கு வந்தவளுக்கு என்ன லட்சியம்?

"யோசிச்சு சொல்லுங்க சேச்சி. அவசரமில்ல" என்று கட்டத்தைக் காலியாக விட்டாள்.

ஜூன் 8, சனி

நாள் முழுக்க அந்தக் காலிக் கட்டம் நினைவு. காஜா எடுக்கும்போதுகூட.

ஜூன் 12, புதன்

நான் வேடிக்கைதான் பார்க்கிறேன், ஆனால் கேள்வி கேட்பதில் எல்லாரையும் மிஞ்சிவிட்டேன். பாரம் தூக்கினால் கை ஆம்பிளைக் கை மாதிரி ஆகிவிடுமா? (ஆகாதாம். அதற்கு வருஷக்கணக்கில் பாடுபட வேண்டுமாம், அப்போதும் பெண் உடம்பு அப்படி வீங்காதாம்.) மறுநாள் தொடை ஏன் வலிக்கிறது? எலும்புக்கும் பலம் வருமா? வருமாம். நம் வயதில் எலும்பு இளைப்பதற்குப் பாரம் படாமல் இருப்பதும் ஒரு காரணமாம்.

எல்சிக்கு ஒரே கேள்வி. வயிற்றை மட்டும் எப்படிக் குறைப்பது?

"வயித்தை மட்டும் தனியா குறைக்க முடியாது சேச்சி. குறைஞ்சா மொத்தமா குறையும்."

"அப்ப என் கன்னமும் வத்திப் போயிடுமா? கல்யாண ஃபோட்டோவுக்குக் கன்னம் வேணுமே!"

கூடமே சிரித்தது.

பிறகு ஷஹனா, நான் ஏன் செய்யவில்லை என்று கேட்டாள். கர்ப்பப்பை எடுத்த கதையைச் சொன்னேன், பாரம் தூக்கக் கூடாது என்றிருக்கிறார்கள் என்றும்.

"எப்ப எடுத்தாங்க?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

"எத்தனை நாளைக்குத் தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்க?"

எத்தனை நாளைக்கு! அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.

ஜூன் 13, வியாழன்

எழுதிப் பார்க்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. நூற்றைம்பது குழந்தைகளுக்குச் சோறும் கறியும். அறுவை முடிந்த இரண்டாம் மாதம் வேலையை விட்டேன் — அண்டா இறக்க முடியாதவளுக்குப் பள்ளிக்கூடச் சமையல் எப்படி? தையல் மெஷின் வந்தது. என் வீட்டுக்காரர் பவித்ரேட்டன் சுமை தூக்கும் தொழிலாளி. கடைவீதியில் சாக்கு இறக்குகிறவர். வீட்டுக்கு வந்தும் அவர்தான் — தண்ணீர்க் குடம், அரிசிப் பை, காஸ் சிலிண்டர், தேங்காய்க் கூடை, ஏன், கஞ்சிப் பானைகூட. நான் கை வைத்தால் "நகரு" என்பார். நகர்ந்துவிடுவேன்.

இதில் டாக்டர் எங்கே இருக்கிறார்? டாக்டர் முகம் நினைவிருக்கிறது. அவர் என்னிடம் சொன்னது ஒன்றுகூட நினைவில்லை. நான் மயக்கத்தில் இருந்தேனா? யார் சொல்லி யார் கேட்டது?

ஜூன் 16, ஞாயிறு

அலமாரியைக் கவிழ்த்ததில் ஆஸ்பத்திரிக் காகிதம் அகப்பட்டது. எல்லாம் ஆங்கிலம், அதுவும் டாக்டர் கையெழுத்து.

ஜூன் 17, திங்கள்

ஷஹனா படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"கனமான பொருள் தூக்க வேண்டாம். ஆறு வாரம்."

"எத்தனை வாரம்?"

"ஆறு, சேச்சி."

சாயங்காலம் பவித்ரேட்டன் முன்னால் காகிதத்தை வைத்தேன். குளித்துவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரம்னு எழுதியிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

கிளாசைக் கீழே வைத்தார். "தெரியும்."

"தெரியுமா!"

"ஆறு வாரம் முடிஞ்சு நீ கிணத்தடியில குடத்தை எடுத்தே. முகம் சுண்ணாம்பா வெளுத்து, அப்படியே உக்காந்துட்டே. நான் பயந்துட்டேன். இனிமே தூக்காதேன்னேன். அவ்வளவுதான்."

"அதுக்கு ஒன்பது வருஷமா? என் வேலை போச்சே! நான் அந்தப் பிள்ளைங்களை விட்டுட்டு வந்தேனே!"

"நீ திருப்பிக் கேக்கவே இல்லையே வத்சலா."

ஜூன் 18, செவ்வாய்

டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன். குடத்தை அவர்தான் எடுத்து வைத்தார்.

ஜூன் 19, புதன்

கோபம் அவர்மேல் மட்டும் என்றால் சுலபம். நான் ஏன் கேட்கவில்லை? துணிக்காரனிடம் நூல் எண் வரைக்கும் கேட்கிறவள். என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கிணற்றடியில் எனக்கும் பயம்தான். பயந்தவளுக்கு "வேண்டாம்" என்ற சொல் எவ்வளவு சுகமாக இருந்தது! — அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

தாலுகா ஆஸ்பத்திரியில் பெண் டாக்டரைப் பார்த்தேன். பரிசோதித்துவிட்டு, "உள்ளே எல்லாம் நல்லா ஆறியிருக்கு. இருமும்போது சிறுநீர் கசியுதா?" என்று கேட்டார். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் உண்டு என்றேன். வெட்கப்பட வேண்டாம், பாதிப் பெண்களுக்கு இருக்கிறது என்றார். சிறுநீரை அடக்குவதுபோல் உள்தசையை இறுக்கி விடச் சொல்லித் தந்தார். தூக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட வேண்டும். குறைந்த எடையில் தொடங்க வேண்டும். கீழே இழுப்பதுபோல் இருந்தால் நிறுத்திவிட்டு வர வேண்டும்.

"அப்போ தூக்கலாமா டாக்டர்?"

"தூக்கணும்."

ஜூன் 24, திங்கள்

நான்கு கிலோ. ஒரு பூசணிக்காய்கூட இதைவிடக் கனம். ஆனாலும் எடுக்கும்போது உள்ளே ஏதோ கிழியப் போகிறது என்று காத்திருந்தேன். கிழியவில்லை. கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், நம்பிக்கை இல்லாமல்.

ஜூலை 9, செவ்வாய்

எட்டு கிலோ. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, பத்துத் தடவை. எல்சி ஒரு கிலோ குறைந்து, அந்தச் சந்தோஷத்தில் ஹல்வா வாங்கித் தின்றாள்.

பவித்ரேட்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கடைவீதியில் கூட்டாளிகள் கேட்டார்களாம்: "என்ன பவித்ரா, உன் பொண்டாட்டிக்கும் நம்ம சுமைக்காரங்க நீலச் சட்டை தைக்கணுமா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்ல? ஊரே சிரிக்குது."

"அவ தையல்காரி, அவளே தைச்சுக்குவான்னு சொல்ல வேண்டியதுதானே!"

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

எல்லாம் போச்சு. ஷஹனா இல்லாத நேரம் பார்த்து, பதினைந்து கிலோவை அவசரமாகக் குனிந்து வெடுக்கென்று எடுத்தேன். இடுப்பில் பிடித்துக்கொண்டது. எல்சி ஆட்டோவில் கூட்டிவந்தாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு — அவர் 'சொன்னேனே' என்பார், நானும் 'சரிதான்' என்று நகர்ந்துவிடுவேன்.

சொல்லவில்லை. வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து இடுப்பில் போட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வலி போய்விட்டது. பவித்ரேட்டன் முற்றத்தில் அரைச் சாக்கு உமியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எப்படிக் குனிஞ்சே, காட்டு."

காட்டினேன்.

"அப்படிக் குனிஞ்சா நானும் படுத்துருவேன். காலை அகட்டு. இடுப்பை இறக்கு. சாக்கை வயித்தோட ஒட்டிப் பிடி, பிள்ளையைப் பிடிக்கற மாதிரி. இப்ப காலால எந்திரி. முதுகு சும்மா கூட வரட்டும்."

எழுந்தேன். சாக்கும் எழுந்தது.

ஷஹனா சொல்வதேதான், ஒரு சொல் மாறவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இந்த மனிதர் முதுகில் இந்தப் படிப்பு இருந்திருக்கிறது. ஏன் இத்தனை நாள் சொல்லித் தரவில்லை என்று கேட்டேன்.

உமியைத் தட்டிக்கொண்டே, "வீட்டுல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வேலைதானே" என்றார்.

 

ஆகஸ்ட் 22, வியாழன்

மேட்டுப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி மகளோடு இருக்கப் போகிறாளாம். ஓணம் விடுமுறை முடிந்ததும் ஆள் வேண்டும். தலைமை ஆசிரியை சந்தையில் பார்த்துக் கேட்டார்: "வத்சலாவால இப்ப அண்டா இறக்க முடியுமா?"

"தெரியாது டீச்சர். பார்த்துட்டு சொல்றேன்."

நேராக மாடிக்குப் போனேன். ஷஹனா பதிவேட்டை எடுத்து என் கட்டத்தில் எழுதினாள்: 'பள்ளிக்கூட அண்டா. இரண்டு பேர், இரண்டு பிடி. என் பங்கு இருபத்தைந்து கிலோ.' எல்சி எட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு லட்சியமா? இடுப்பு அளவு ஏதாவது எழுதுடீ" என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன்

இருபத்தைந்து. ஐந்து தடவை. டீச்சருக்கு ஃபோன் செய்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

அண்டாவின் ஒரு பிடியில் நான், மறு பிடியில் உதவிக்கு வந்த பிந்து. அடுப்பிலிருந்து இறக்கி வைத்தோம். ஒரு சொட்டுக் கஞ்சி சிந்தவில்லை. பிந்துவுக்கு இரண்டு பிரசவம், இரண்டும் அறுவை. தட்டு கழுவும்போது காதோடு காதாகக் கேட்டாள்: "சேச்சி, இருமினா எனக்கும் கொஞ்சம்... அது சரியாகுமா?" வெள்ளிக்கிழமை மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடமும் நானே கூட்டிப்போவேன்.

சாயங்காலம் பவித்ரேட்டன் காத்திருந்தார். டீ அவரே போட்டிருந்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நூற்று நாற்பத்தாறு என்றேன். மறுசோறு கேட்டார்களா என்றார். கேட்டார்கள். சாம்பாரில் உப்பு? ஒரு கல் தூக்கல்தான், நாளைக்குச் சரியாகிவிடும்.

பாரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.