வட்டத்துக்கு வெளியே நின்ற மிஸ்ஸுக்கு

மிஸ்,

இன்று சாயங்காலமும் சுருட்டு நாற்றம் வந்தது. நான் மாடி ஜன்னலில் பௌதிகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சந்தில் ஒருவரும் இல்லை. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். பண்டகசாலையின் பின்சுவர் மழையில் ஊறிக் கறுத்துப்போய் நின்றது. நாற்றம் மட்டும் ஜன்னல்வரை ஏறி வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

நான் பற்றவைக்கவில்லை மிஸ். இந்தமுறை நான் இல்லை.

எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனுக்கு நீங்கள் குடிவந்தபோது எனக்குப் பதினாலு வயது. போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரி, மிளகுக் கம்பெனியில் டைப்பிஸ்ட், தனி ஆள். இவ்வளவும் நீங்கள் பெட்டியை இறக்குவதற்கு முன்பே சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த மலையாளச் சந்தில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பமும் நீங்களும்தான். என்னைக்கூட 'மேன்' என்றுதான் கூப்பிடுவீர்கள்.

"வா மேன், கேக் இருக்கு."

"நான் மேன் இல்ல மிஸ், வுமன்."

"பதினாலு வயசுல என்ன வுமன்? உக்காரு மேன்."

பள்ளிக்கூடத்தில் தமிழச்சி என்று என்னைப் 'பாண்டி' என்கிறார்கள், நாகர்கோவில் கல்யாணத்துக்குப் போனால் 'மலையாளத்துக்காரி' என்கிறார்கள் என்று ஒருநாள் உங்களிடம் புலம்பினேன். நீங்கள் கேக்கை வெட்டியபடியே சொன்னீர்கள். "உன்னைத் திட்ட ரெண்டு வீடு இருக்கு. என்னைத் திட்டறதுக்கே ஒரு வீடு கெடையாது மேன்." அப்போது நான் சிரித்தேன். அது சிரிப்பதற்கான விஷயம் இல்லை என்று தெரிந்தது, அலமாரியில் இருந்த உங்கள் தங்கையின் படத்தைப் பார்த்த பிறகுதான். ஒரே அம்மா, ஒரே அப்பா. அவள் வெளுப்பு. லண்டன் போய் வெள்ளைக்காரியாகவே கரைந்துவிட்டாள். உங்களுக்கு அவள் கடைசியாக எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருந்ததாம்: உன் படத்தை மட்டும் எனக்கு அனுப்பாதே.

அந்த மழைக்காலம் முடிந்த பிறகுதான் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கம்பெனி மானேஜரின் மனைவி, அந்தத் துரைசாணி, உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தாள். சீமைக்கு லீவில் போனபோது அங்கே ஒரு ரகசியக் கூட்டத்தில் சேர்ந்து தீட்சை வாங்கி வந்திருக்கிறாளாம்.

"விக்கா மேன். ஏசு சாமிக்கு முன்னாடி இங்லண்ட்ல இருந்த மதம். அம்மன் உண்டு, கொம்பு வெச்ச சாமி உண்டு, நிலாவுக்குப் பூஜை உண்டு."

"விக்கல் வந்தா தண்ணி குடிக்கணும் மிஸ், பூஜை பண்ணக் கூடாது."

"சிரிக்காத மேன். நிலா கலர் பாக்காது."

துரைசாணியில் துரையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று நான் கேட்டேன். என்னை அடிக்க வந்தீர்கள். கதவுக்குப் பின்னால் போய் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

கோட்டைப் பக்கத்து பங்களாவில் பூஜை செய்தால் வேலைக்காரர்கள் பேசுவார்கள் என்பதால், எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கம்பெனிப் பண்டகசாலையின் முற்றத்தைப் பிடித்தார்கள். பௌர்ணமிதோறும், நிலாக் கிளம்பும் நேரத்தில், துரைசாணியும் இன்னும் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் காரில் வருவார்கள். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். நீங்கள் விளக்குமாற்றால் முற்றத்தைப் பெருக்குவீர்கள். சுண்ணாம்புக் கட்டியால் பெரிய வட்டம் போடுவீர்கள். நாலு திசைக்கும் மெழுகுவர்த்தி, கிண்ணத்தில் உப்பு, தண்ணீர், கறுப்புப் பிடி போட்ட கத்தி எல்லாம் எடுத்து வைப்பீர்கள். பிறகு அவர்கள் மூவரும் வட்டத்துக்குள் போவார்கள். நீங்கள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே வந்து, தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

"கோலம் போட்டவளையே வாசலோட நிறுத்தறதா மிஸ்? என்ன மதம் இது?"

"மூணு பௌர்ணமி வெளிய நிக்கணும். ரூல் மேன். அடுத்தது மூணாவது. அன்னிக்கு உள்ள கூப்பிடுவாங்க."

"மத்த ரெண்டு பேரும் மூணு பௌர்ணமி நின்னாங்களா?"

ஒரு கோப்பையை நீங்கள் ரொம்ப நேரம் கழுவினீர்கள். "அவங்க வேற மேன்," என்றீர்கள். ஆனாலும் மூன்றாவது பௌர்ணமிக்காகப் புதிதாக ஒரு வெள்ளைக் கவுன் தைத்து வைத்திருந்தீர்கள். உள்ளே போக வேண்டும், உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த முற்றத்தின் பின்சுவரைப் பற்றி நீங்கள் வந்த வாரமே சுமட்டுக்காரர் குட்டன் சேட்டன் உங்களிடம் சொல்லியிருந்தார். டச்சுக்காரன் வந்தபோது போர்த்துகீசியப் பரங்கி ஓடினானாம். ஓடுவதற்கு முன் தங்கத்தைச் சுவருக்குள் வைத்துப் பூசினானாம். அதற்குக் காவலாக, கப்பலில் கொண்டுவந்த கறுப்பு அடிமை ஒருவனையும் கொன்று கூடவே வைத்துப் பூசினானாம். அவர்தான் காப்பிரி முத்தப்பன். சாயங்காலங்களில் சுவர்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். ஆளைப் பார்க்க முடியாது, மணம் மட்டும் வரும். சந்துப் பக்கம் சுவரில் இருக்கும் மாடத்தில் அவருக்கு மெழுகுவர்த்தியும் அவித்த முட்டையும் சுருட்டும் வைப்பார்கள். முட்டைகள் காணாமல் போனதில் முத்தப்பனின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்பதை இங்கே எழுதப்போவதில்லை. "மோளே, அது ஆளுள்ள மதிலாணு. அவிடே நின்னு சிரிக்கண்டா," என்று குட்டன் சேட்டன் என்னைப் பலமுறை விரட்டியிருக்கிறார். ஆள் இருக்கும் சுவர், அங்கே நின்று சிரிக்காதே என்று.

நான் அங்கேதான் போய் நின்றேன்.

மூன்றாவது பௌர்ணமி. கார் வந்தது. நான் சந்துக்கு இறங்கினேன். என் யோசனை மிகச் சாதாரணமானது: அந்தத் துரைசாணியின் சாந்தமான முகம் ஒருதடவையாவது அலற வேண்டும், மூவரும் கவுனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், மறுநாள் அதை நடித்துக் காட்டி உங்களைச் சிரிக்க வைக்க வேண்டும். மாடத்திலிருந்து முத்தப்பனின் சுருட்டையே எடுத்தேன். பக்கத்தில் தீப்பெட்டியும் இருந்தது. சுவரில் இடுப்புயரத்தில் ஒரு கல் பெயர்ந்த ஓட்டை உண்டு. இருமலை அடக்கிக்கொண்டு, அதன் வழியாகப் புகையை ஊதினேன்.

உள்ளே மந்திரம் நின்றது. யாரும் அலறவில்லை.

"என்ன வாசனை இது?" என்று துரைசாணி இங்கிலீஷில் கேட்டாள். பதில் உங்கள் குரலில் வந்தது. நடுங்கிக்கொண்டு, ஆனால் பெருமையாக, முத்தப்பன் கதை முழுவதையும் நீங்களே அவளுக்குச் சொன்னீர்கள். இவர் வந்தால் பெரிய பாக்கியம் என்றும் சொன்னீர்கள். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவளை இனி உள்ளே அழைக்காமல் இருக்க முடியாது என்று நினைத்தீர்கள் போல. ஓட்டைக்கு இந்தப் பக்கம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடடா, என் குறும்பு உங்களை உள்ளே சேர்க்கப் போகிறதே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

துரைசாணி மிக மெதுவாக, குழந்தையைத் தூங்கவைப்பவள்போல, சொன்னாள். "அப்படியானால் பதில் வந்துவிட்டது, கண்ணே. அவர் உனக்காக வந்திருக்கிறார். உன் இரத்தம் அவரை அழைத்திருக்கிறது. நாங்கள் அழைப்பவை எங்கள் தேசத்துத் தெய்வங்கள், எங்கள் இரத்தத்தில் வருபவை. நீ இங்கே காத்துநிற்க வேண்டியதே இல்லை. உன்னுடையவரிடம் போ."

அவள் திட்டியிருந்தால் நீங்களும் திட்டியிருப்பீர்கள். போத்தனூர்க்காரிக்குத் திட்டத் தெரியாதா என்ன? அவள் ஆசீர்வாதம் செய்தாள்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். புது வெள்ளைக் கவுனில் நீங்கள் கோட்டைத் தாண்டி வட்டத்துக்குள் போய் நடுவில் உட்கார்ந்தீர்கள். அங்கே வேறு ஒருவரும் இல்லை. சுருட்டு என் விரலைச் சுட்டது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் படிக்கட்டில் காத்திருந்தேன் மிஸ். நீங்கள் வந்தீர்கள். உங்கள் கண் இருந்த இருப்பு! "மேன், எனக்காக வந்தார் மேன். யாருக்கும் வராதவர்." என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் புகை நாற்றம் வராதபடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மாடிக்குப் போனதும் அம்மா என் தலைமயிரை முகர்ந்து பார்த்தாள். ஜன்னல் வழியே சுவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒரு அறை விழும் என்று காத்திருந்தேன். சீயக்காய் கரைத்து இரண்டுமுறை தலைக்குத் தேய்த்துவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி அவள் கேட்டதில்லை.

அடுத்த நாளிலிருந்து நீங்கள் ஆபீஸ் விட்டதும் நேராகச் சுவரடிக்குப் போனீர்கள். முதலில் ஒரு மெழுகுவர்த்தி. பிறகு முட்டை, சுருட்டு. பிறகு சுவரில் காது வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தீர்கள். "உள்ள இடம் ரொம்பக் குறுகல் மேன், பாவம், நின்னுக்கிட்டே இருக்கார்" என்று ஒருநாள் சொன்னீர்கள். ஆபீசில் வேலை போயிற்று. மழை ஆரம்பித்தது. நீங்கள் எழுந்து வரவில்லை. அம்மா குடையோடு போய்க் கூப்பிட்டாள், குட்டன் சேட்டன் கெஞ்சினார். கர்க்கடகத்தில், நம் ஆடி மாதத்தில், காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது.

அம்மா கஞ்சி எடுக்கப் போயிருந்த நேரம். உங்கள் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியபடியே கேட்டீர்கள்.

"மேன், நீ பொய் சொல்றவதானே?"

"ஆமா மிஸ்."

"இதை மட்டும் நெஜம் சொல்லு. அன்னிக்கு வந்தாரில்ல?"

உண்மை என் பல்லுக்குப் பின்னால் நின்றது. "வந்தார் மிஸ். சந்துல நின்னேன். எனக்கும் மணம் வந்துச்சு," என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன், முதல் வார்த்தையைத் தவிர. அந்த முதல் வார்த்தையும் பொய்தானா என்று இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. மாடத்தில் சுருட்டையும் தீப்பெட்டியையும் அருகருகே வைத்து, என்னை அங்கே இறக்கிவிட்டது யார்?

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவரடியில் பத்துப் பேர் கூடினார்கள். முத்தப்பன் மாடத்துக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு மெழுகுவர்த்தி வைக்க வேண்டும் என்றார் குட்டன் சேட்டன். பைத்தியம் பிடித்துச் செத்த ஒரு சட்டைக்காரிக்கு இங்கே என்ன இடம் என்று சிலர் கேட்டார்கள். உடனே அவர் என் பக்கம் திரும்பினார்.

"மோளே, நீ அந்நு இவிடே உண்டாயிருந்நல்லோ. பற. மூப்பர் வந்நோ, இல்லயோ?"

அன்று நீ இங்கே இருந்தாயே, சொல், முத்தப்பன் வந்தாரா இல்லையா என்று. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். 'பாண்டிப் பெண் என்ன சொல்லப் போகிறாள்' என்ற பார்வை. "வந்நு சேட்டா," என்றேன். "மிஸ்ஸினு வேண்டியாணு வந்நது." மிஸ்ஸுக்காகத்தான் வந்தார் என்று.

யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. மீன் விற்கும் அம்மிணிச் சேச்சி மாடத்திலிருந்த மற்ற மெழுகுவர்த்திகளை நகர்த்தி உங்களுக்கு இடம் செய்தாள். நீங்கள் எந்த ஜாதி, எந்த மதம், எந்தக் கலர் என்று ஒருவரும் கேட்கவில்லை மிஸ். உங்களை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பௌர்ணமியன்று நடந்தது சொல்வதற்கு ரொம்ப நல்ல கதை. துரைசாணி, புகை, இடுப்புயரத்து ஓட்டை: பள்ளிக்கூடத்தில் சொன்னால் பெஞ்சு தட்டிச் சிரிப்பார்கள். அதில் ஒரே ஒரு வரி என் வாயிலிருந்து வெளியே விழுந்தால், மறுநாளே அந்த மெழுகுவர்த்தியை எடுத்துவிடுவார்கள், நீங்கள் மறுபடியும் வெளியே நிற்பீர்கள். இதை எழுதி முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். ஆனால் என் வாயை எனக்குத் தெரியும் மிஸ். இதைத் தவிர இதுவரை அது ஒரு வேடிக்கையைக்கூடச் சொல்லாமல் வைத்துக்கொண்டதில்லை.