கடைசி அட்டையிலிருந்து

அன்புள்ள உனக்கு,

இன்று காலை மழைக்காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சொல்லுக்குப் பொருள் காண ஆங்கில அகராதியைத் திறந்தேன். உன் அட்டை மடியில் விழுந்தது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம்; உடலெங்கும் சின்னஞ்சிறு துளைகள்; மேல்விளிம்பில் நீல மையின் ஒற்றைப் புள்ளி. ஈரம் பட்ட தாளின் மணம் எழுந்ததும், நீ அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற அந்த ஐப்பசி எனக்கு மீண்டும் வந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். ஆங்கிலத்தை இவ்வகராதியின் துணையால் நானே கற்றேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. என் கணவரின் தங்கையாகிய நீயோ சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி செய்தாய். குடுவையைத் தொடாமல், மூலக்கூறுகளின் வடிவத்தைக் கணிப்பொறியில் கணக்கிடும் ஆராய்ச்சி. அக்காலத்துக் கணிப்பொறிக்கு எண்களை அட்டையில் துளைகளாக இட்டே ஊட்ட வேண்டும். "கெமிஸ்ட்ரி படிக்கிறாளாம், கையில ஒரு கறையக் காணோம்" என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அம்முறை வீட்டுக்கு வந்தபோது நீ சிரிக்கவில்லை. ஒரு மூலக்கூறு முறுக்கிக்கொள்ள எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று நீ கணக்கிட்ட எண், உன் நெறியாளர் தம் ஆய்வகத்தில் அளந்த எண்ணோடு பொருந்தவில்லை. பிழை உன்னுடையதே என்றார். கண்டுபிடித்துத் திருத்தாவிட்டால் உன் ஆய்வேட்டில் கையெழுத்திட மாட்டேன் என்றார். அடுத்த வாரம் கணிப்பொறியில் உனக்கு ஒதுக்கிய நேரத்தைத் தவறவிட்டால், மறுமுறை எப்போது கிடைக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

பிழையைத் தேடி, நீ கையால் எழுதிய தாளை நான் உரக்கப் படிக்க, அட்டையின் விளிம்பில் அச்சாகியிருந்த எண்ணை நீ மறுமொழியாகச் சொன்னாய். நம் வீட்டில் செபமாலை சொல்வதும் அவ்வாறே. ஒருவர் தொடங்க, மற்றவர் முடிப்பார். சற்று நேரத்தில் நம் குரல்கள் தாமாகவே அந்த ஓட்டத்தில் விழுந்தன. நீ சட்டென்று நிறுத்தினாய்.

"அண்ணி, ராகம் போட்டுப் படிக்காதீங்க. ராகம் வந்துட்டா பொய்யும் உண்மை மாதிரியே கேக்கும்."

"பின்ன எப்படிப் படிக்கச் சொல்ற?"

"கடைசி அட்டையிலேருந்து மேல போங்க. அப்ப வாய் தானா ஓடாது."

அவ்வாறே தலைகீழாகப் படித்தோம். பிற்பகலில் உன் மறுமொழி தடைபட்டது. தாளில் இருந்த கழித்தல் குறி அட்டையில் இல்லை. ஓர் அணு தன் இடத்தைவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. முதல்முறை அதைக் கடந்தபோது, இல்லாத குறியையும் சேர்த்தே சொல்லியிருந்தாய்.

"அப்ப வாத்தியார் சொன்னது சரிதான்?" என்றார் உன் அம்மா, அடுப்படியிலிருந்து.

"தப்பு இருக்குன்னாரு, இருக்கு. அவரு எண்ணு சரியான்னு இனிமேதான் தெரியும்."

சரியான அட்டையைச் சென்னையில் துளையிட்டுக்கொள்வதாகச் சொல்லி, அந்த அட்டையை உருவி என்னிடம் தந்தாய். ஈரத்தில் உப்பிப்போனால் கணிப்பொறி அட்டைகளை ஏற்காது என்றதால், வறுத்த அரிசியை முடிச்சாகக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். பேருந்து நிலையத்தில் படி வழுக்கியது. பெட்டி திறந்து அட்டைகள் கூரையடியில் சிதறின. கருக்களாச்சேரியிலிருந்து வரும் மீன்காரம்மா கூடையை நகர்த்தி இடம் விட்டார்.

"என்னம்மா, சீட்டாடவா பட்டணம் போறீங்க?"

"ஆமாங்க. ஒரே ஆட்டந்தான், தோத்தா வீட்டுக்குத்தான்" என்றாய், தரையிலிருந்து தலை நிமிராமல்.

அட்டைக் கட்டின் மேல்விளிம்பில், வரிசை தெரிய, நீ முன்பே சாய்வாக இழுத்திருந்த நீலக்கோடு நம்மைக் காத்தது. கோடு கூடும்வரை அடுக்கினோம். உருவிய அட்டையின் இடத்தில் மட்டும் மயிரிழை அளவு இடைவெளி நின்றது. நடத்துநர் விசில் ஊதிக்கொண்டேயிருந்தார்.

கிறிஸ்துமசுக்கு நீ வந்தபோது நற்செய்தி கொண்டுவரவில்லை. திருத்திய கணக்கு, உன் நெறியாளரின் எண்ணிலிருந்து இன்னும் விலகிப் போயிருந்தது. பழைய எண்ணையே போட்டுவிடு, அதுவாவது அருகில் இருந்தது என்று அவர் சொன்னாராம்.

"அந்த அட்டை எங்க அண்ணி?"

அகராதியைத் திறந்து நீட்டினேன். நீ அதை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளினூடே முற்றத்தைப் பார்த்தாய், நெடுநேரம் பார்த்தாய்.

"இது இங்கயே இருக்கட்டும்" என்று திருப்பித் தந்தாய்.

அவர் கையெழுத்திடவில்லை. வடக்கே வேறொரு நெறியாளரிடம் முதலிலிருந்து தொடங்கினாய். உன் வயதினர் விரிவுரையாளர் ஆனபோதும் நீ மாணவியாகவே இருந்தாய். எண்பதுகளில், வேறோர் ஆய்வகத்தின் புதிய அளவு உன் எண்ணுக்கு அருகில் வந்தது. மகிழ்ந்தாயா என்று கேட்டேன். "வராமப் போயிருந்தாலும் அந்த அட்டையப் போட்டிருக்க மாட்டேன் அண்ணி" என்றாய்.

சென்ற மாதம் உன் இரங்கல் கூட்டத்தில், உன்னோடு பணியாற்றியவர் ஒருவர் அழகிய நடையில் எழுதிவந்து படித்தார். ஆசிரியர்கள் அனைவரும் உன்னைத் தாங்கிப் பிடித்து உயர்த்தினார்கள் என்றார். கூடியிருந்தோர் தலையசைத்தனர். ராகம் வந்துவிட்டதை உணர்ந்து எழுந்து நின்றேன்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. அந்த வரி சரியில்லீங்க. எடுத்துட்டுப் படிங்க."

உன் அண்ணன் என் சேலை நுனியைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. படித்துக்கொண்டிருந்தவர் பேனாவை எடுத்து அவ்வரியை அடித்த பிறகே அமர்ந்தேன்.