உண்டியலில் போட்ட கார்டு

செவ்வாய்க்கிழமை

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் தன் கிரெடிட் கார்டை நாலாக வெட்டி, இனிமேல் கடனே வாங்குவதில்லை என்று வீராம்பட்டினம் அம்மன் உண்டியலில் போட்டார். அத்தோடு அது ஒழிந்தது என்று நம்பினோம். வருடக் கட்டணம் வட்டியோடு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. பேங்க் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர் தரைக்கு வந்து, வீட்டு லோன் கிடைக்காமல் போன பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் பாக்கியைக் கட்டினோம். பேங்க் பெண் சிரித்தாள். "வெட்டிட்டா கார்டு மூடிடாது சார். இப்ப மூடவும் வேணாம். பழைய கார்டு. கட்டணம் இல்லாததா மாத்தித் தரேன். தேய்க்காம வச்சிருங்க, ஸ்கோர் ஏறும்."

இன்று புதுக் கார்டு வந்தது. அவர் கெஞ்சினார். "மூடிடலாம்மா. கையில இருந்தா தேய்ச்சிடுவேன். என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

தெரியும். கார்டுக் கடனுக்கு என் வளையல் போனதும் அப்படித்தான்.

"அம்மனாலயே முடியல, நானா உங்களைத் திருத்தப் போறேன்?" என்றேன். கூடத்தில் இருந்த அவர் தம்பிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

சாப்பிடாமல் படுத்துவிட்டார். நாளைக்கு அவர் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன். கார்டு அந்தச் சட்டைப் பையில் இருக்கிறது. தேய்த்தால் மெசேஜ் என் போனுக்கு வரும்.