என் பாட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் கிட்டார்

அண்ணை,

இன்று காலை வேலைக்குப் புறப்படும்போது கார்த் திறப்பைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். திறப்புக்குப் பதிலாக உங்கள் இரும்பு அகப்பட்டது. நீங்கள் இடது கையில் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் அந்த உருளை எஃகுத் துண்டு. சிட்னி கிரவீனில் இப்போது நல்ல குளிர். சாரத் துணியில் சுற்றியிருந்தும் அது கையில் சில்லென்று பட்டது. துணியை விரித்தேன். கம்பி துடைக்கும் எண்ணெயும் திருநீறும் கலந்த மணம் வந்தது. காருக்குள் அப்படியே இருந்துவிட்டேன், வேலைக்குப் பிந்திப்போனேன். நீங்கள் இருந்த காலத்தில் உங்கள் கதையைக் கேட்டுக்கொண்டு நின்று எத்தனையோ இடத்துக்குப் பிந்திப் போயிருக்கிறேன். போன பிறகும் நீங்கள் திருந்தவில்லை.

அதை எனக்குத் தந்தது அக்காதான், உங்கள் மனைவி. போன ஞாயிறு மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து கையில் வைத்தார். "கிட்டாரை ஆருக்கும் குடுக்கலாம். இது உம்மட்ட இருக்கட்டும்" என்றார்.  மடத்தில் புளிச்சாதம் முடிவதற்கிடையில் போகச் சொன்னார்.

வருகிற சனிக்கிழமை லிட்கம் கிளப்பில் உங்களை நினைத்து ஒரு நிகழ்ச்சி. நம்முடைய பாண்ட்தான் வாசிக்கிறது. எல்லாப் பாட்டும் பாடுகிறேன், ரயில் கடவைப் பாட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டை ஏன் விடுகிறாய் என்று கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன். உண்மையான காரணம் உங்களுக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நாம் முதலில் சந்தித்ததும் அதே கிளப்பில்தான். ஆர் வேண்டுமானாலும் மைக்கைப் பிடிக்கலாம் என்று விட்டிருந்த ஒரு ஞாயிறு மத்தியானம். நான் அப்போதுதான் உள்நாட்டு ஊரொன்றின் ஆஸ்பத்திரியிலிருந்து சிட்னிக்கு மாற்றலாகி வந்திருந்தேன். அங்கே நான் வேலை செய்த எக்ஸ்ரே அறையில் வானொலி முழுநாளும் கன்ட்ரி பாட்டுத்தான் பாடும். இடுப்பு முறிந்து வந்த கிழவர்கள்கூடப் படுத்தபடியே அதோடு சேர்ந்து பாடுவார்கள். அவர்களிடம் பொறுக்கிய பாட்டொன்றை அன்று பாடினேன். மேடையின் ஓரத்தில் அயர்ன் பண்ணுகிற மேசை போன்ற ஒன்றுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் குனிந்தபடி இருந்தார். நான் ஒரு வரியை முடித்ததும் அந்த மேசை அழுதது. திடுக்கிட்டு அடுத்த வரியைக் கொஞ்சம் தவறவிட்டேன்.

இறங்கி வந்தபோது தொப்பிக்காரர் தமிழில் பேசினார்.

"பிள்ளை, நல்லாப் பாடுறீர். ஆனா மூச்செடுக்க மறந்து போறீர்."

"நீங்கள் தமிழோ?"

"ஓம். அதுக்கென்ன, தமிழர் மூச்செடுக்கிறதில்லையோ?"

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அறிந்த பிறகு உங்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "நாள் முழுக்க ஊராற்ற மூச்சை இழுத்துப் பிடியுங்கோ எண்டு சொல்லுறீர். உம்மட மூச்சை எப்ப விடப்போறீர்?" என்று எந்தப் புதிய ஆளைக் கண்டாலும் என்னைக் காட்டிச் சொல்லிச் சிரிப்பீர்கள். அந்தப் பகிடியை நான் வெறுத்தேன். இப்போது எக்ஸ்ரே அறையில் ஒவ்வொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லும்போதும் உங்கள் சிரிப்பு கேட்கிறது.

கொழும்பில் ஹவாயன் கிட்டாரை மடியில் வைத்து மெல்லிசைக்கு வாசித்த நீங்கள், சிட்னியில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்து, அதே கிட்டாரின் பெரிய அண்ணனைக் கண்டுபிடித்தீர்கள். கால் முளைத்த கிட்டார். பத்துக் கம்பி, காலுக்குப் பெடல், முழங்காலுக்கு நெம்புகோல். இடது கையில் இரும்பு, வலது கை கம்பியில், வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலில். உடம்பில் சும்மா இருப்பது வாய் மட்டும்தான், அதையும் நீங்கள் சும்மா விடுவதில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த யாரோ ஒரு அன்ரி அதன் மேல் தேநீர்த் தட்டை வைத்த அன்று, "வையுங்கோ, வையுங்கோ, இதுக்கும் களைப்பு" என்றீர்கள். அவர் போன பிறகு அரை மணித்தியாலம் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் காரில் போவது எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? பழைய கன்ட்ரி பாட்டு ஓடும். பெரிய பாடகர் உருகிக்கொண்டிருப்பார். எனக்கு அவர் குரலே போதும். நீங்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவீர்கள். "பொறும், பொறும். இப்ப ஆள் வருவார்." பாடகர் வரியை முடிப்பார். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஸ்டீல் கிட்டார் நுழைந்து, இரண்டே வீச்சில் அவர் சொல்லாததைச் சொல்லிவிட்டு வெளியே போகும். "பாத்தீரே?" என்பீர்கள், என்னவோ நீங்களே வாசித்தது போல. இந்த ஆள் அந்தப் பாடகருக்குப் பின்னால் வாழ்நாள் முழுக்க இருந்தவர், அந்த ஆள் ஒரே பாடகியோடுதான் வாசிப்பேன் என்று நின்றவர் என்று ஒவ்வொருவரையும் ஒன்றுவிட்ட சகோதரர் போலச் சொல்வீர்கள். இசைத்தட்டு அட்டையில் பாடகரின் முகம் மட்டும் பெரிதாக இருக்கும். வாசித்தவரின் பெயரைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும், பல அட்டைகளில் அதுவும் இராது. எனக்கு அது அநியாயமாகப் படும். உங்களுக்குக் கோபமே வராது. "பாட்டு அழுதா ஆக்களுக்குப் பாடகர் அழுத மாதிரி இருக்க வேணும். அப்பதான் எங்கட வேலை சரி" என்பீர்கள். அப்படி ஒரு பெருமிதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அந்த இடைவெளியை நீங்கள் கற்றுக்கொண்ட கதையைத் தேநீர் ஆறும்வரை சொல்வீர்கள். சிட்னியில் உங்கள் முதல் மேடை. பாடியவர் பெரிய தொப்பியும் சிறிய பொறுமையும் உள்ள ஒரு கிழவர். நீங்களோ கச்சேரி கேட்டு வளர்ந்த பிள்ளை. வயலின்காரர் போல அவருடைய ஒவ்வொரு சொல்லுக்கும் கூடவே போனீர்கள். அவர் மேலே போனால் நீங்களும் மேலே, இறங்கினால் நீங்களும் கீழே. விசுவாசமாக வாசித்ததாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் கிழவர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கிலேயே கேட்டாராம்: "மேட், பாடுவது நீயா நானா?" சபை முழுக்கச் சிரித்ததாம்.

"எங்கட ஊரில பாடுறவரின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போகவேணும், பிள்ளை. இங்க அவர் வாசலைத் தாண்டின பிறகுதான் நாங்கள் வெளிக்கிடவேணும்" என்பீர்கள். அன்றிலிருந்து எந்தப் பாடகரின் சொல்லையும் நீங்கள் மிதித்ததில்லை. அவர்களுடைய தோளைப் பார்த்தபடியே இருப்பீர்கள். தோள் உயர்ந்தால் மூச்சு, மூச்சு வந்தால் உங்கள் முறை. சிட்னியில் கன்ட்ரி பாடிய அத்தனை பேரும் உங்களைத்தான் கேட்டார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்படிப்பட்ட நீங்கள் எனக்காக அந்தப் பழைய பிழையைத் திரும்பச் செய்தீர்கள்.

எனக்குக் கழுத்தில் சத்திரசிகிச்சை முடிந்து குரல் திரும்பியபோது எல்லாம் வந்தது, ஒரு சுரத்தைத் தவிர. ரயில் கடவைப் பாட்டின் கடைசி வரியில் குரல் ஏறி நிற்கும் அந்த உச்சி. அந்த இடத்துக்கு வந்தால் காற்றுத்தான் வரும். இனிப் பாட மாட்டேன் என்று உங்கள் வீட்டுக் குசினியில் இருந்து அழுதேன். அக்கா தோசை சுடுவதை நிறுத்திவிட்டார். நீங்கள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "பாட்டை விடாதேயும். அந்தச் சுரம் என்ர பொறுப்பு."

அடுத்த நிகழ்ச்சியில் கடைசி வரி வந்தது. நான் உங்கள் பக்கம் பாதி திரும்பி நின்றேன். என் குரல் ஏறத் தொடங்கியதும் உங்கள் இடது கையும் கம்பியின் மேல் ஏறத் தொடங்கியது. கச்சேரி வயலின் போல ஒட்டிக்கொண்டே வந்தீர்கள். உச்சியில் என் காற்றை உங்கள் கிட்டார் மூடியது. சபைக்கு ஒன்றும் தெரியவில்லை, கைதட்டினார்கள். அன்றிலிருந்து நீங்கள் போகும்வரை அந்த வரியில் நான் உங்கள் கையைப் பார்த்துத்தான் பாடினேன். கை ஏறினால் பயம் போய்விடும்.

இப்போது அந்தக் கை இல்லை. அதனால்தான் அந்தப் பாட்டும் இல்லை. கோபிக்காதீர்கள், அண்ணை.

*

ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இன்று எனக்கு உங்களோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். நீங்கள் இருந்து வாசிக்கும் கதிரையில் மெல் என்று ஒரு பெண். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஸ்டீல் கிட்டார் பைத்தியம். டிரம்ஸ்காரர் வருசக்கணக்காக எடுத்து வைத்திருந்த வீடியோக்களை வாங்கி உங்கள் வாசிப்பை அப்படியே படித்து வந்திருந்தாள். ரயில் கடவைப் பாட்டை நான் விட்டது அவளுக்குத் தெரியாது, அதையும் படித்திருந்தாள். கைபேசியோடு என்னிடம் வந்தாள்.

"இந்தப் பாட்டின் கடைசி வரியில் நான் என்ன வாசிக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

"அவர் வாசித்ததையே வாசி. என்னோடு சேர்ந்து மேலே வருவார்."

"இல்லையே. அவர் அங்கே ஒன்றுமே வாசிக்கவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பக்கத்தில் நின்று பாடியவள், நீ வீடியோவில் பார்த்தவள் என்றேன். அவள் என் காதில் இயர்போனை மாட்டிவிட்டுப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். "கையைப் பார்க்காதே. காலைப் பார்" என்றாள்.

அது உங்கள் கடைசி நிகழ்ச்சி. நான் ஏறுகிறேன், உங்கள் இடது கை கூடவே ஏறுகிறது. வலது கால் குதியை அழுத்திச் சத்தப் பெடலை முழுவதும் மூடி வைத்திருக்கிறது. இரும்பு கம்பியில் போகிறது, கிட்டாரிலிருந்து ஒரு துளி சத்தம் வரவில்லை. உச்சியில் நிற்பது ஒரே ஒரு குரல். கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் நேராக நிற்கிறது. அது என்னுடையது.

மற்ற வீடியோக்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகான முதல் நிகழ்ச்சியில் முழுக்க நீங்கள்தான். அடுத்ததில் கொஞ்சம் குறைவு. அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. இருவரும் ஒரே சுரத்தில் நின்றதால் எது நீங்கள் எது நான் என்று எனக்கு மேடையில் பிரித்தறியத் தெரியவில்லை. கடைசிச் சில நிகழ்ச்சிகளில் நீங்கள் இல்லவே இல்லை. எத்தனை பொறுமை வேண்டும் அண்ணை, ஒருத்தியை இப்படி ஏமாற்ற.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். 

"எனக்குத் தெரியும். சொன்னா அவள் திரும்பப் பயப்பிடுவாள், சொல்லாதை எண்டவர்."

"நீங்களும் கூட்டுத்தானே, அக்கா?"

"ஓம். நானும் ஒவ்வொரு முறையும் முன்னுக்கு இருந்து கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டுக்கொண்டுதான் கேட்டனான்" என்றார். பிறகு இருவரும் அழுதோம்.

நேற்றுப் பின்னேரம் கிளப் நிறைந்திருந்தது. தொப்பிக்காரர்கள் ஒரு பக்கம், கோயில் சனம் ஒரு பக்கம். பல அன்ரிமாருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் கன்ட்ரி பாட்டு. உங்கள் தொப்பியைக் கிட்டார்ப் பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். கடைசிப் பாட்டாக ரயில் கடவையைப் பாடப்போகிறேன் என்றேன். மெல் குனிந்து, "அந்த இடத்தில் என்ன செய்யட்டும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒன்றும் வாசிக்காதே" என்றேன். "கையை மட்டும் மேலே கொண்டு போ."

அவள் தலையாட்டினாள். கடைசி வரி வந்தது. பழக்க தோஷத்தில் பாதி திரும்பினேன். அவள் கை ஏறத் தொடங்கியது, நன்றாகத்தான் ஏறியது. ஆனால் அது உங்கள் கை இல்லை. நான் முன்னால் திரும்பிக்கொண்டேன். மைக் பிடிக்காத கையில் உங்கள் இரும்பு இருந்தது. தோளை உயர்த்தி, நீங்கள் சொன்னதுபோல் மறக்காமல் மூச்செடுத்தேன். உச்சியில் குரல் நின்றது. முன்வரிசையில் அக்கா கைகூப்பியபடி இருந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

பாட்டு முடிந்ததும் ஒருவரும் உடனே கைதட்டவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் மெல் வாசித்திருக்கலாம், அவளும் விட்டுவிட்டாள். அது உங்கள் இடம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

இரும்பு இப்போது மேசையில் இருக்கிறது. பாடும்போது இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் தடம் நேற்று வீடு வரும்வரை மாறவில்லை. கையில் எடுத்த நேரத்தில் குளிராகத்தான் இருந்தது, அண்ணை. இறங்கி வந்து கையை விரித்துப் பார்த்தபோது நன்றாகச் சூடேறியிருந்தது.