குப்பைத்தொட்டியில் அம்மா வைத்திருந்த இருபத்து மூன்று பதிவுகள்

என் நண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, ஆனால் எல்லோரும் என்று சொல்ல நானும் பூனையும்தான் இருக்கிறோம், பூனை நலம். நீ எப்படி இருக்கிறாய், சளி விட்டதா, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா. ஃபோனில் பேசாமல் மெயிலில் ஏன் இவ்வளவு நீளமாக என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் உடனே சாப்பிட்டியா தூங்கினியா என்று பேச்சை மாற்றிக்கொண்டு ஓடிவிடுவேன், பதினைந்து நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா உனக்காகப் பேசிப் பதிவு செய்து வைத்ததை அனுப்பச் சொல்லிக் கேட்டாயே, அது இல்லை. நெட் ஸ்லோ, ஃபைல் பெரிசு, ஏற மாட்டேங்குது என்று நான் சொன்னதெல்லாம் பொய். அதை அழித்தது நான். தெரியாமல்தான் அழித்தேன், ஆனாலும் அழித்தது நான்தான்.

எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. எப்படி நடந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அம்மா போன இரண்டாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில், நம்மிடம் இருக்கிற அந்த ஒரே லேப்டாப்பில், உன் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவன் வீட்டில் இந்த லட்சணமா என்று எனக்கே எரிச்சல். உன் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், வேறு ஒன்றும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்து சுத்தம் செய்தேன். தேவையில்லாத புரோகிராம்களை எடுத்தேன், ரீசைக்கிள் பின் என்கிற குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன், அப்போதும் வேகம் வராததால் டிஸ்க்கையே துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டேன். போடுவதற்கு முன்னால் உன் பள்ளிக்கூடப் படங்கள், எங்கள் கல்யாணப் படங்கள், அம்மாவின் ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் காப்பி எடுத்தேன். குப்பையை யார் காப்பி எடுப்பார்கள். காலி செய்யும்போது அது கேட்டது, இருபத்து மூன்று உருப்படிகளை நிரந்தரமாக அழிக்கவா என்று. இருபது வருடமாக அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று அமுக்கிப் பழகின விரல். எண்ணைப் பார்த்தேன், என்ன உருப்படி என்று பார்க்கவில்லை.

அம்மா ஏன் போயும் போயும் அங்கே வைத்தாள் என்று உனக்குத் தோன்றும். அதற்கும் காரணம் நான்தான். டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் முகப்பில் ஒரு ஃபைல் கிடந்தாலும் பிடிக்காது. அதனால் இவள் முடியாத வேலையை எல்லாம் டெலீட் அடித்துக் குப்பைத்தொட்டிக்குள் தள்ளிவிடுவாள், அவர் கேட்டால் உள்ளே போய் ரீஸ்டோர் கொடுத்து வெளியே எடுப்பாள். அலமாரி மாதிரி. ஒரு தடவை அங்கே கம்ப்யூட்டர் பார்க்கப் போனபோது இதைக் கண்டுபிடித்தேன். நியாயமாக அன்றைக்கே பக்கத்தில் உட்காரவைத்து, இப்படிச் செய்யாதே, உனக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டுத் தருகிறேன் என்று ஐந்து நிமிஷம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். இரண்டு நாள் சிரித்தேன். அதோடு விட்டேனா, பல் டாக்டரில் ஆரம்பித்துப் பார்க்கிற கஸ்டமருக்கெல்லாம் ஜோக்காகச் சொன்னேன், குப்பைத்தொட்டியில சாமான் வைக்காதீங்க, எங்க வீட்டுல ஒருத்தி வைப்பா என்று. அது அவள் காதுக்கே திரும்பி வந்தது. 'ஊர் முழுக்க என்னை வித்தாச்சா, இனி உங்கிட்ட கம்ப்யூட்டர் பத்தி ஒரு கேள்வி கேட்டா என்னை ஏன்னு கேளு' என்றாள். சொன்ன மாதிரியே பன்னிரண்டு வருடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ரோஷக்காரி. வீட்டிலும் நான் வாராவாரம் முகப்பைத் துடைத்துவிடுவேன், எந்த ஃபோல்டராக இருந்தாலும் திறந்து பார்த்து இடம் மாற்றுவேன், கை சும்மா இருக்காது. நான் கேட்டுவிடக் கூடாது என்று அவள் நினைத்ததை வைக்க அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. உன்னிடம் சொன்னாளாமே, 'குப்பைத்தொட்டி பக்கம் உங்கப்பா என்னிக்கு எட்டிப் பார்த்திருக்காரு, அங்கதான் பத்திரம், ஆறு மாசம் போகட்டும், அவரு கொஞ்சம் தேறினதும் கேட்டு வாங்கிக்க' என்று. நீ அதை ஃபோனில் சொல்லிச் சிரித்தாய். நான் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைத்தேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மீட்க முடியுமா என்று கேட்பாய். அன்றைக்கே கம்ப்யூட்டரை அணைத்து டிஸ்க்கைக் கழற்றினேன். மீட்கிற புரோகிராம் நான்கு போட்டுப் பார்த்தேன், நான்கு நாள் கடையைத் திறக்கவில்லை. கடைசியில் என்னோடு பாலிடெக்னிக் படித்தவனிடம் எடுத்துக்கொண்டு போனேன், நீ வயிற்றில் இருக்கிறாய் என்று நான் இரண்டாம் வருடத்தோடு ஓடிவந்துவிட்டேன், அவன் முடித்துவிட்டு இதே மீட்கிற வேலையைத் தொழிலாகச் செய்கிறான். இரண்டு நாள் வைத்துப் பார்த்தான். 'டேய், இது பழைய மாடல் டிஸ்க்கா இருந்தா ஏதாவது தோண்டிப் பார்க்கலாம். இது அழிச்சதும் தானா துடைச்சுக்குற வகை. அதுமேல விண்டோஸ் போட்டு நாலரை மாசம் ஓட்டியிருக்க. நீ கஸ்டமருக்குச் சொல்றதையே நான் உனக்குச் சொல்லணுமா' என்றான். நான் கஸ்டமருக்கு என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். ரெண்டாவது காப்பி இல்லாத ஃபைல் உங்களுது இல்லைங்க, மிஷினோடதுங்க, அதுக்கு எப்ப மனசு மாறுதோ அப்ப போயிடும் என்பேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் சொல்வேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான், நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அவள் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும் நண்டு, அதுதான் கொல்லுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானத்தில் பேசுவாள், உன்னோடு ஃபோனில் பேசுகிறாள் என்று நினைத்து நான் வெந்நீரும் துணியுமாகக் கதவைத் தாண்டிப் போவேன். உள்ளே போனால் லேப்டாப்பை மூடிவிட்டு ஆபீஸ் வேலை என்பாள். இந்த நிலைமையில் என்ன ஆபீஸ் என்று ஒரு நாள் நானே கோபத்தில் மூடிவைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 'முடிக்காம போனா திட்டுவாங்கப்பா, குடு' என்று கையை நீட்டினாள். அரை மணி நேரம் கழித்துத்தான் கொடுத்தேன். காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன், என் சொந்தச் சரக்கு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. 'வீட்டைப் பூட்டினா ஒரு தடவை இழுத்துப் பாரு, ரெண்டாவது தடவை போகாதே, அது உங்கப்பனோட வியாதி' என்றது ஒன்று. 'எவனையாவது புடிச்சிருந்தா அவனுக்குப் பசி வந்தா எப்படி இருக்கான்னு பாரு, மத்ததெல்லாம் அப்புறம்' என்றது ஒன்று. கோபமாக இருக்கும்போது யாருக்கும் பதில் எழுதாதே, பாத்திரம் கழுவு, அதற்கப்புறம் எழுது என்று ஒன்று. ஒரு நாள் ஒரு வார்த்தையும் இல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள், எதற்கென்று தெரியாது. இவ்வளவுதான். இருபத்து மூன்றில் என்னிடம் இருப்பது மூன்றரை.

வீட்டு விஷயம். உன் அத்தை வந்து நான்கு நாள் இருந்துவிட்டு ஃபிரிட்ஜை நிரப்பி, என்னைத் திட்டிவிட்டுப் போனாள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி அம்மாவின் நாற்காலி மெத்தையையும் குடையையும் ஒரு பையில் போட்டு அவரே கொண்டுவந்து கொடுத்தார். வாசலிலேயே நின்றார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. 'அவங்க போனப்புறம் எந்த ஃபைலும் கிடைக்க மாட்டேங்குது, எங்க வெச்சிருப்பாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா' என்றார். போய் அவர் ஆபீஸ் ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன், நானூற்றுப் பதினொன்று இருந்தது, எல்லாம் ஒழுங்காகத் தேதி போட்டு. உனக்கானது ஏதாவது இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். லைசென்ஸ் விண்ணப்பம்தான். அவருக்கு ஃபோல்டர் போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், அங்கே சிரிக்கவில்லை. உன் லேப்டாப் அப்டேட் கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. எல்லாவற்றுக்கும் பூனையின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும், மாற்று. பார்சல் வந்திருக்கிறது, இங்கே அமுக்கு என்று மெசேஜ் வந்தால் அமுக்காதே, உனக்குப் பார்சல் அனுப்புகிற ஆள் நான் ஒருத்தன்தான், நான் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

இப்போது முக்கியமானது. போன ஞாயிற்றுக்கிழமை, உன் ஃபோனில் இடம் இல்லை, சனிக்கிழமை புதுசு வாங்கிக்கொண்டு பழசை ரீசெட் பண்ணிக் கடையில் கொடுக்கப்போகிறேன் என்றாய். நேற்று உனக்கு, மெயில் வரும், படிக்காமல் ஃபோனைக் கொடுக்காதே என்று ஒரு வரி அனுப்பினேனே, இதற்குத்தான். நீ அங்கே போனதிலிருந்து அம்மா உனக்குத் தினம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாளே, டைப் அடிக்கச் சோம்பல் என்று. அவள் ஃபோன் கடைசி நாளில் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துபோனது, அதனால் அவளுடைய குரல் இந்த உலகத்தில் இப்போது உன்னுடைய அந்த ஒரு ஃபோனில்தான் இருக்கிறது. புது ஃபோனுக்கு எல்லாம் தானாகவே வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்வார், நானும் சொல்லியிருக்கிறேன், பாதி வராது. கேபிளைப் போட்டு ஃபோனை லேப்டாப்போடு சேர், சார்ஜ் மட்டுமா ஃபைலா என்று கேட்கும், ஃபைல் என்று கொடு. மெசேஜ் ஆப்பின் ஃபோல்டருக்குள் வாய்ஸ் நோட்ஸ் என்று இருக்கும், அதை அப்படியே காப்பி செய், கட் செய்யாதே, இழுத்துப் போடாதே. எண்ணிப் பார், ஃபோனில் எத்தனையோ லேப்டாப்பிலும் அத்தனை இருக்க வேண்டும். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு லேப்டாப்பிலிருந்தே போட்டுக் கேள், முதல் இரண்டு விநாடி கேட்டு நிறுத்தாதே, கடைசி வரைக்கும் ஓடுகிறதா பார். அதை ஒரு பென் டிரைவில் போடு, ஆன்லைனில் ஒரு இடத்தில் ஏற்று. மூன்று இடம். மூன்றும் ஆன பிறகும் பழைய ஃபோனைக் கொடுக்காதே, அணைத்து டிராயரில் வை. ஏதாவது ஒரு இடத்தில் நிச்சயமாகவா என்று கேட்டால் கையை எடுத்துவிட்டு முழுக்கப் படி. அழுதுகொண்டே செய்யாதே, கண் மறைத்தால் தப்பாக அமுக்குவாய், பக்கத்து ரூம் பெண்ணைக் கூட உட்காரவைத்துக்கொள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன், அது உன் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிற மாதிரி இருக்கிறது, விட்டுவிட்டேன். கோபமாக இருந்தால் இரு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு, கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிட்டேன் என்று மட்டும் ஒரு வார்த்தை அனுப்பிக்கொண்டிரு. நீ நன்றாக இருக்க வேண்டும், நல்ல தூக்கம் வர வேண்டும், உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் வேண்டுவது அவ்வளவுதான். சனிக்கிழமைக்குள் செய்துவிடு, மறக்காதே.

ஒன்று கேட்கிறேன், முடியாது என்றால் சொல்லிவிடு. அதில் ஒன்றை எனக்கு அனுப்புகிறாயா. பெரிய விஷயமாக இருக்க வேண்டாம், மழை வருது துணி எடுன்னு சொன்னதா இருந்தாலும் போதும், என்னைத் திட்டினதா இருந்தாலும் போதும். என் ஃபோனை மேலிருந்து கீழ் வரைக்கும் தேடிவிட்டேன். இருபது வருடத்தில் அவள் எனக்கு அனுப்பினது பால், சாவி எங்க, சீக்கிரம் வா, இதுதான், எல்லாம் எழுத்து. ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு யார் குரலில் அனுப்புவார்கள், அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் நான் வந்துவிடுவேனே.

இப்படிக்கு,
உன் அப்பா