பச்சைக் கோடு ஏறிக்கொண்டிருக்கிறது

டிசம்பர் 2, புதன்

விடியும்போதே மழை. துணி காயவில்லை. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். காஸ் புக் பண்ண வேண்டும்.

பாபு ஸ்டுடியோ வேலை இன்றும் முடியவில்லை. கொரோனாவுக்குப் பிறகு கல்யாண வீடியோ அதிகம் வருவதில்லை. பழுதான மெமரி கார்டிலிருந்து படம் மீட்டுக் கொடுப்பதைத்தான் அவன் நம்பியிருக்கிறான். மீட்கும் நிரல், அந்த சாஃப்ட்வேர், இலவசமாகக் கிடைத்தது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால்தான் ஓடும். பாபுவுக்குக் கறுப்புத் திரை என்றால் பயம். அதனால் அதற்கு மேலே திரையில் நான் ஒரு ஜன்னல் செய்கிறேன். ஒரு பட்டன், ஒரு பச்சைக் கோடு. பட்டனை அழுத்தினால் பின்னால் அந்த நிரல் ஓடும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று அது சொல்லச் சொல்ல, கோடு ஏற வேண்டும்.

ஏறவில்லை. வேலை முடியும்வரை பூஜ்யம், பிறகு ஒரேயடியாக நூறு.

காரணம் மாலையில்தான் புரிந்தது. எதிரே திரை இருந்தால் அந்த நிரல் வரிவரியாகப் பேசுகிறது. என் ஜன்னல் மாதிரி வேறொரு நிரல் கேட்டால் பேச்சையெல்லாம் உள்ளேயே சேர்த்து வைத்து, கடைசியில் மொத்தமாகக் கொட்டுகிறது. அது நான் எழுதியதில்லை. உள்ளே கை வைக்க எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் பதினைந்து பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்தவள் நான்.

டிசம்பர் 3, வியாழன்

மழை. எதிரே திரை இருப்பதாக அந்த நிரலை நம்பவைக்க ஒரு வழி உண்டு. நாள் முழுக்க முயன்றேன். பாபுவின் பழைய கம்ப்யூட்டரில் அது எடுபடவில்லை.

கடைக்கு அலமேலு வந்திருந்தாள். வெள்ளிமலைக்கு மேலே ஏதோ ஊர், மலைக்காரப் பெண். இருபத்திரண்டு இருக்கும். புருஷன் ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனான், பிணமாக வந்தான். கூடப் போனவன் ஒருவன் உடைந்த போனைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். போன் செத்துவிட்டது. உள்ளே இருந்த கார்டு மட்டும் இருக்கிறது. கல்யாணத்தில் எடுத்த ஒரே போட்டோவில் அவன் முகத்தில் வெளிச்சம் அடித்து வெள்ளையாக இருக்கிறதாம். அவன் போனபிறகுதான் பையன் பிறந்தான்.

"கடைசியா ஒரு வீடியோ புடிச்சேன்னாரு. மூஞ்சக் காட்டிப் பேசினேன், டவர் இல்ல, அப்பால அனுப்பறேன்னாரு. அது ஒண்ணு கெடச்சா போதும்."

கார்டைப் பார்த்தேன். ஒருமுறை தெரிகிறது, இன்னொரு முறை தெரிவதில்லை. ஒரே ஒரு தடவை முழுதாகப் படிக்க விட்டால் வரலாம். நடுவில் எடுத்தால் மறுபடி எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பாபுவிடம் சொன்னேன். தலையாட்டினான். திங்கட்கிழமை வரச் சொன்னோம். கார்டைக் கடையில் விட்டுப் போக மனமில்லை, முந்தானையில் முடிந்து எடுத்துப் போனாள்.

அவள் போனதும் பாபு பிடித்துக்கொண்டான். "ஏதாச்சும் ஒண்ணு ஏறிக்கினு இருந்தா போதுங்கக்கா. ஜனம் அதப் பாத்துக்கினு குந்தியிருக்கும். ஒண்ணும் அசையலன்னா கார்டப் புடுங்கிக்கினு வேற கடைக்குப் பூடும்."

டிசம்பர் 4, வெள்ளி

செய்துவிட்டேன். கார்டின் அளவைப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு. கடிகாரத்தைப் பார்த்துக் கோடு தானாக ஏறும். உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. உண்மையில் முடிந்தால்தான் கீழே சின்ன எழுத்தில் "முடிந்தது" வரும்.

நல்ல கார்டுகளில் போட்டுப் பார்த்தோம். கோடும் வேலையும் ஏறக்குறைய சேர்ந்தே முடிந்தன. பாபுவுக்கு ஒரே சந்தோஷம், டீ வாங்கிக் கொடுத்தான். நிறம் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று வேண்டுமாம். மாற்றினேன்.

பழுதான கார்டு மெதுவாகப் படிக்கும். எனக்குத் தெரியும். திங்கட்கிழமை நான்தான் பக்கத்தில் இருப்பேனே என்று இருந்துவிட்டேன்.

டிசம்பர் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அம்மா மட்டும் ஜெபமாலையோடு கிளம்பினாள். போகிறபோது வாசலில் நின்று, "வேல இல்லாம ஊட்ல குந்திக்கினு இருக்கறவளுக்கு ஞாயித்துக்கெழம இன்னா, திங்கக்கெழம இன்னா" என்றாள்.

வீட்டுக்காரர் சென்னையிலிருந்து போன் செய்தார். வேலை என்ன ஆச்சு என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஆறு மாதமாக இதையேதான் சொல்கிறேன். அவரும் மேலே கேட்பதில்லை.

நாளை காலை ஆன்லைனில் ஒரு இன்டர்வியூ. திடீரென்று மெயில். நீலப் புடவை. மேலே மட்டும் தெரிந்தால் போதும்.

டிசம்பர் 7, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

இன்டர்வியூ இழுத்துக்கொண்டே போனது. பையன்கள் இருவர். "உங்க வயசுல இந்த பிரஷர் தாங்குமா மேடம்" என்றான் ஒருவன், மரியாதையாகத்தான். சொல்லி அனுப்புகிறார்களாம்.

கடைக்குப் போகும்போது மதியம் தாண்டிவிட்டது. பாபு கடையை அடைத்துக்கொண்டிருந்தான். நாளை மறியல், இடஒதுக்கீடு கேட்டு. கடை முழுக்க அதற்கான பிளெக்ஸ். இவனும் போகிறான். மூத்த மகன் பிளஸ் டூ படிக்கிறான், ரோட்டில் உட்கார்ந்தால்தான் அவனுக்குக் காலேஜ் சீட்டு என்கிறான் பாபு. நான் என்ன சொல்ல? அப்பா காலத்தில் நாங்கள் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களானோம், இடஒதுக்கீட்டுப் பட்டியலில் எங்கள் இடமும் மாறியது. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை.

அலமேலு காலையிலேயே வந்துவிட்டாளாம். மதிய பஸ்ஸை விட்டால் மறியல் முடிகிறவரை மலைக்குப் பஸ் இல்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்திருக்கிறாள். பாபு எனக்குப் போன் போட்டிருக்கிறான். இன்டர்வியூவுக்காக அணைத்து வைத்திருந்தேன். அவனே பட்டனை அழுத்தியிருக்கிறான். கோடு ஏறியிருக்கிறது. நிறைந்திருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று கார்டைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்துவிட்டான். படங்களைப் பிறகு பென் டிரைவில் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

"ஃபுல்லா பச்சை ஆயிடுச்சேக்கா. அப்பால இன்னா?"

"கீழ 'முடிந்தது'ன்னு வந்துச்சா?"

அவன் கீழே பார்க்கவே இல்லை. யார் பார்ப்பார்கள்?

கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னேன். கார்டு போனதும் அந்த நிரல் செத்திருக்கிறது. சாகும்போது அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறது. கடைசி வரியில் முப்பத்தொரு சதவீதம்.

ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கச்சிராயபாளையம் போகிற பஸ் கிளம்பிவிட்டிருந்தது.

டிசம்பர் 9, புதன்

நேற்று ஊரே மூடிக்கிடந்தது. இன்று பஸ் ஓடுகிறது. வெயில்.

காலையில் அலமேலுவே வந்துவிட்டாள். கார்டை மறுபடி போட்டோம். தெரியவில்லை. கம்ப்யூட்டரை மாற்றினோம், ரீடரை மாற்றினோம். துடைத்துப் போட்டோம். இல்லை. செத்த கார்டு.

மீண்ட படங்களைக் காட்டினேன். நூற்றுச் சொச்சம். ஆடு, அருவி, வரகுக் கொல்லை, யாருடைய பைக்கோ. அலமேலு வயிற்றைத் தள்ளிக்கொண்டு சிரிக்கிறாள். அலமேலு விறகோடு. எல்லாம் அவன் எடுத்தவை. அதனால் ஒன்றிலும் அவன் இல்லை. ஒரு படத்தில் மட்டும் தரையில் அவன் நிழல். கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து.

பாபு அவளிடம், கார்டே கெட்டதும்மா, நாங்க இன்னா பண்றது என்றான். அப்படியே விட்டிருக்கலாம். அவள் நம்பிவிட்டிருந்தாள். ஒரு ஓரமாகக் கூப்பிட்டுப் போய்ச் சொல்லிவிட்டேன். அந்தக் கோடு கார்டைப் பார்த்து ஏறவில்லை, கடிகாரத்தைப் பார்த்து ஏறியது. நான்தான் அப்படிச் செய்தேன். இன்னும் காத்திருந்தால் வந்திருக்கலாம்.

திட்டுவாள் என்று நின்றேன். கார்டை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நான் அதத்தாங்க பாத்துக்கினு இருந்தேன். பாதி ஏறினப்ப, பாதி வந்துட்டாருன்னு நெனச்சேன். நெறஞ்சப்ப அழுதுட்டேன்."

நிழல் இருந்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னாள். போட்டுக் கொடுத்தோம். பாபு காசு வாங்கவில்லை.

டிசம்பர் 11, வெள்ளி

இன்டர்வியூ மெயில் வந்தது. இல்லை.

கோட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "வேலை நடக்கிறது, எவ்வளவு ஆனது என்று தெரியாது" என்று ஒரு வரி போட்டேன். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாபு படித்துப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"இதப் பாத்துக்கினு எவன்க்கா குந்துவான்?"

இனி கீழே இருக்கும் எழுத்தைப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றான். சத்தியமாக என்றான்.

சாயந்திரம் காஸ் புக் பண்ணிவிட்டுத் திரும்பும்போது கடையை எட்டிப் பார்த்தேன். தியாகதுருகத்துக்காரர் ஒருவர், கையில் மஞ்சப்பை, திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பழைய ஜன்னல்தான். பச்சைக் கோடு அழகாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. நான் உள்ளே போகவில்லை.